எல் பிரைமெரோவா, ரோலெக்ஸ் 4130-ஆ?

இரண்டுமே அந்தந்த நிறுவனம் (முதலாவது ஜெனித், இரண்டாவது ரோலெக்ஸ்) சொந்தமாகத் தயாரித்த ஆட்டோமேட்டிக் (கை அசைவிலேயே முறுக்கேறும்) கிரோனோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள கைக்கடிகார இயந்திரங்கள். இரண்டிலும் ‘காலம் வீல்’ (column wheel) உண்டு; ஸ்டாப்வாட்சை ஓட்டுவதையும் நிறுத்துவதையும் கட்டுப்படுத்தும், தூண்கள் கொண்ட சக்கரம் அது. பட்டனை அழுத்தும்போது விரலுக்குத் தெரியும் அந்தத் துல்லியமான சொடுக்கு அதனால்தான். வித்தியாசம் கிளட்சில், அதாவது ஓடும் கடிகாரத்தோடு ஸ்டாப்வாட்சை இணைத்துப் பிரிக்கும் பகுதியில் இருக்கிறது.

1969-இல் ஜெனித் அறிமுகம் செய்த எல் பிரைமெரோவில் கிளட்ச் பக்கவாட்டில் நகரும். ஓடுகிற சக்கரத்தின் பற்களோடு இன்னொரு சக்கரம் போய் மாட்ட வேண்டும். பல்லும் பல்லும் முட்டிக்கொண்டால், விநாடி முள் கிளம்பும்போதே லேசாகத் துள்ளும். 2000-இல் வந்த 4130-இல் செங்குத்துக் கிளட்ச். ஒரு தட்டு இன்னொன்றின் மேல் அழுந்தி உராய்விலேயே பிடித்துக்கொள்வதால் முள் துள்ளாமல் கிளம்புகிறது.

சரி, அப்போ ரோலெக்ஸ்தானா? அவசரம் வேண்டாம். எல் பிரைமெரோ மணிக்கு 36,000 முறை துடிப்பதால் விநாடியில் பத்தில் ஒரு பங்கை அளக்கும். 4130-க்கு 28,800தான், அதாவது எட்டில் ஒரு பங்கு. ஆனால் முழுதாக முறுக்கேறியிருந்தால் 72 மணி நேரம் தாங்கும். வெள்ளி இரவு கழற்றி வைத்தால் திங்கள் காலையும் ஓடிக்கொண்டிருக்கும். பழைய எல் பிரைமெரோ 400 சுமார் 50 மணி நேரத்தில் நின்றுவிடும்.

வேடிக்கை என்னவென்றால், 1988 முதல் 2000 வரை ரோலெக்ஸின் கிரோனோகிராஃப் கடிகாரமான டேடோனாவுக்குள் ஓடியதே எல் பிரைமெரோதான். ரோலெக்ஸ் அதன் வேகத்தை 28,800-க்குக் குறைத்து நிறையவே மாற்றியிருந்தது.

தினமும் கட்ட 4130-ஐ எடுப்பேன். பின்பக்கக் கண்ணாடி வழியே கிளட்ச் நகர்வதை ரசிக்க வேண்டுமென்றால் எல் பிரைமெரோ.