எச்சரிக்கை: 9 என்று விற்ற கல்லை 6 கீறிவிட்டது

கனிமக் கற்கள் விற்கும் ஓர் இணையதளத்தில் மோஸ் கடினத்தன்மைப் பெட்டி வாங்கினேன். எண் கூடக் கூடக் கல் கடினம்; பெரிய எண் கல் சிறிய எண் கல்லைக் கீறும். போனது அரை மாதச் சம்பளம். நேற்று இரவுதான் குட்டு உடைந்தது, ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

டால்க் 1 முதல் குருந்தம் 9 வரை ஒன்பது கற்கள். வைரம் கிடையாது, சரி, அது எதிர்பார்த்ததுதான். 8ஆம் எண் டோபாஸும் 9ஆம் எண் சிவப்புக் குருந்தமும் நகைத் தரத்து இயற்கைப் படிகங்கள் என்றார்கள். விலையே அந்த இரண்டுக்கும்தான்.

கண்ணை மூடிக்கொண்டும் வாங்கவில்லை. வீடியோ அழைப்பில் காட்டச் சொன்னேன். அந்த ஆள் சிவப்புக் கல்லை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் இழுத்தார். வெள்ளையாக ஒரு கோடு. "பாத்தீங்களா சார், இதுல ஏமாத்த முடியுமா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தக் கோடு கண்ணாடியில் விழுந்த கீறலா, கல்லே தேய்ந்து பூசிய பொடியா? விரலை ஈரமாக்கித் துடைக்கச் சொல்லியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். கேட்கத் தோன்றவில்லை. அந்த ஒரு நொடிக்கு விலை அரை மாதச் சம்பளம்.

நேற்று 7ஆம் எண் குவார்ட்ஸால் அந்த 9ஐ லேசாக இழுத்தேன். கீறல் விழுந்தது. நம்பாமல் 6ஆம் எண் ஆர்த்தோகிளேஸால் இழுத்தேன். அதுவும் கீறியது! லென்ஸ் வைத்துப் பார்த்தால் உள்ளே உருண்டை உருண்டையாகக் காற்றுக் குமிழிகள். வெறும் கண்ணாடி.

விற்றவரிடம் புகார் சொன்னேன். முதல் பதில்: "அதிகமா அழுத்திட்டீங்க." அழுத்தினால் குருந்தத்தைக் குவார்ட்ஸ் கீறுமா? அடுத்து: "இயற்கைக் கல் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்." கடைசியில் வந்ததுதான் உச்சம்: "கல்லில் கீறல் இருப்பதால் திரும்ப எடுக்க இயலாது." கீறிப் பார்ப்பதற்கென்றே விற்ற பெட்டி ஐயா அது!

வாங்குபவர்களுக்கு விரிவாக எழுதுவதாக இருந்தேன், பொறுமையில்லை. கண்ணாடியைக் கீறிக் காட்டினால் மயங்காதீர்கள். குவார்ட்ஸும்கூடக் கண்ணாடியைக் கீறும். 9 என்றால் டோபாஸைக் கீறிக் காட்டச் சொல்லுங்கள். கல் வந்ததும் கீறாதீர்கள், முதலில் காற்றிலும் தண்ணீரில் தொங்கவிட்டும் எடை பார்த்து அடர்த்தியைக் கணக்கிடுங்கள். அடர்த்தி குருந்தத்துக்கு 4, டோபாஸுக்கு 3.5, குவார்ட்ஸுக்கு 2.65. என்னுடைய டோபாஸை இன்று காலை போட்டேன். 2.65.