டிரினிடாட்டா, சியன்ஃபுவேகோஸா, கமகுவேயா? கியூபாவில் ஒரு பழைய ஊரைத் தேர்ந்தெடுப்பது

கியூபா என்றால் பலருக்கும் ஹவானாவும் வரடேரோ கடற்கரையும்தான். கனடாவில் இருக்கும் நம்மவர்கள் பனிக்காலத்தில் ஒரு வாரம் வரடேரோ ரிசார்ட்டில் கிடந்துவிட்டுத் திரும்புகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விமானச் செலவுதான் ஆகிவிட்டதே, அதில் இரண்டு மூன்று நாளைத் தீவின் நடுப்பகுதிக்கு ஒதுக்கினால் வேறொரு கியூபாவைப் பார்க்கலாம். அப்படிக் கிளம்புகிறவர்கள் முன்னால் மூன்று பெயர்கள் வந்து நிற்கும்: டிரினிடாட், சியன்ஃபுவேகோஸ், கமகுவே. (இந்த டிரினிடாட் பிரையன் லாராவின் தீவு அல்ல. கியூபாவின் தென்கரையில், சாங்க்டி ஸ்பிரிடுஸ் மாகாணத்தில் உள்ள சிற்றூர்.)

யுனெஸ்கோ முத்திரையைப் பார்த்து முடிவெடுக்க முடியாது, ஏனென்றால் மூன்றுக்கும் அது இருக்கிறது. டிரினிடாட் 1988இல் வாங்கியது, சியன்ஃபுவேகோஸ் 2005இல், கமகுவே 2008இல். காசு எங்கிருந்து வந்தது, எப்போது நின்றது என்று கேட்டுப் பார்த்தால்தான் மூன்றின் குணமும் பிடிபடும்.

டிரினிடாட்டின் காசு சர்க்கரை. 1514இல் ஸ்பானியப் படையெடுப்பாளர் தியேகோ வெலாஸ்கெஸ் நிறுவிய ஊர் அது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து பக்கத்துப் பள்ளத்தாக்கில் கரும்பு ஆலைகள் பெருகின. ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆலைகள் ஓடின, அவற்றில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். 1827இல் மட்டும் அவர்கள் 11,000 பேருக்கு மேல். ஆலை முதலாளிகள் ஊரில் மாளிகை கட்டி, ஐரோப்பாவிலிருந்து கண்ணாடி விளக்கும் பீங்கானும் வரவழைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மண் சத்திழந்தது, சர்க்கரை விலை சரிந்தது, 1868இல் ஸ்பெயினுக்கு எதிரான விடுதலைப் போர் வெடித்தது. கொஞ்சம் மேற்கே புதிதாக எழுந்த துறைமுகம் வியாபாரத்தை இழுத்துக்கொண்டது. டிரினிடாட்டில் இருப்பதை இடித்துப் புதிதாகக் கட்ட யார் கையிலும் காசில்லை. அந்த வறுமைதான் ஊரை அப்படியே காப்பாற்றி வைத்தது.

வியாபாரத்தை இழுத்துக்கொண்ட அந்தத் துறைமுகம்தான் சியன்ஃபுவேகோஸ். கமகுவேயில் சர்க்கரையும் உண்டு என்றாலும், நெடுங்காலம் அது மாட்டுப் பண்ணை ஊர். கடலிலிருந்து தள்ளி, சமவெளிக்கு நடுவில் இருக்கிறது. காசு குதித்து வரவும் இல்லை, ஒரேயடியாக நின்றுபோகவும் இல்லை.

கண்ணுக்கு அழகு என்று பார்த்தால் டிரினிடாட்டோடு மற்ற இரண்டும் போட்டி போட முடியாது. பிளாசா மயோர் சதுக்கத்தைச் சுற்றி மஞ்சளும் நீலமும் இளஞ்சிவப்புமாக ஓட்டுக்கூரை வீடுகள். தெருவில் உருண்டைக் கற்களைப் பாவியிருக்கிறார்கள். மழைத்தண்ணீர் ஓடுவதற்காகத் தெரு நடுவை நோக்கிச் சரியும், ஓரமாக நடந்தால் கால் ஒருக்களித்தே போகும். ஹீல்ஸ் செருப்பை ஹவானாவிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஜன்னல்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பழைய வீடுகளில் கண்ணாடி கிடையாது. ஏறக்குறைய தரையிலிருந்து எழும்பும் ஆளுயர ஜன்னல்களில், கடைந்தெடுத்த மரக்கம்பிகள்தான் இருக்கும். பின்னால் வந்த வீடுகளில் இரும்புக்கம்பி. கம்பிக்கு அந்தப் பக்கம் ஆடும் நாற்காலியில் ஒரு பாட்டி, இந்தப் பக்கம் தெருவில் நின்று அவரோடு கதை பேசும் பக்கத்து வீட்டுக்காரர். இது நமக்காகப் போட்ட காட்சி இல்லை.

நமக்காகப் போட்ட காட்சிகளும் தாராளமாக உண்டு. பேருந்தை விட்டு இறங்கியதுமே அறை காட்டுகிறேன் என்று ஆட்கள் சூழ்ந்துகொள்வார்கள். அவர்களோடு போனால் அவர்களுடைய கமிஷனும் உங்கள் வாடகையில்தான் ஏறும். பகலில் சுற்றுலாப் பேருந்துகள் வந்து நின்றால் சதுக்கத்தில் உள்ளூர் முகத்தைத் தேட வேண்டியிருக்கும். மாலையில் தேவாலயத்துக்குப் பக்கத்துப் படிக்கட்டில் இசை தொடங்கும், அதைக் கேட்கலாம். கான்சான்சாரா என்று கரும்புச் சாராயத்தில் தேனும் எலுமிச்சையும் கலந்து குட்டி மண்குவளையில் தருவார்கள். இனிப்பாக இறங்கும், எழுந்து நடக்கும்போதுதான் அந்தக் கற்கள் வேலையைக் காட்டும். அதனால் டிரினிடாட்டில் இரவு தங்கியே ஆக வேண்டும். பகலில் வந்து பகலிலேயே திரும்புகிறவர்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். காலை ஏழு மணிக்கு அதே தெரு வேறு ஊர்.

ஊருக்குள் இரண்டு அருங்காட்சியகம் பார்ப்பதற்குப் பதில், ஆலைப் பள்ளத்தாக்குக்கு ஒரு அரை நாள் கொடுங்கள் என்பேன். மனாகா இஸ்னாகா தோட்டத்தில் சுமார் 45 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று நிற்கிறது. அதில் தொங்கிய மணிதான் அடிமைகளின் வேலை நேரத்தைச் சொன்னது. மேலே நின்று வயலில் யார் என்ன செய்கிறார்கள் என்று கண்காணிக்கவும் முடிந்தது. இப்போது அந்த மணி கீழே கிடக்கிறது, கோபுரத்தடியில் பெண்கள் நூல் இழுத்துப் பின்னிய மேசைவிரிப்புகளைக் கயிற்றில் தொங்கவிட்டு விற்கிறார்கள். ஏறிப் பார்த்தால் பச்சை வெளி கண்ணுக்கெட்டிய தூரம் விரியும். ஊரின் மாளிகைகளுக்கு எங்கிருந்து காசு வந்தது என்பதற்கு வேறு வழிகாட்டி தேவைப்படாது.

சியன்ஃபுவேகோஸைப் பற்றி இவ்வளவு சொல்ல இல்லை. 1819இல் லூயி தெ க்ளுவே தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் வந்து அமைத்த ஊர், சிலர் பிரான்சின் பொர்தோவிலிருந்து, சிலர் அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து. அளவுகோல் வைத்துப் போட்ட நேர்த்தெருக்கள், தூண் வரிசைகள், அகலமான வளைகுடா. சுத்தமான, காற்றோட்டமான, கொஞ்சம் சலிப்பான ஊர் என்பது என் எண்ணம். பார்க்க வேண்டியது தொமாஸ் தெர்ரி அரங்கம். ஒரு சர்க்கரைக் கோடீஸ்வரரின் நினைவாக எழுப்பி 1890இல் திறந்தார்கள். மர இருக்கைகளும் கூரை ஓவியமும் இன்னும் இருக்கின்றன. புந்தா கோர்தா முனையில் பலாசியோ தெ வாயே என்று ஒரு மாளிகை. மூரிஷ் வளைவு, கோத்திக், இன்னும் என்னென்னவோ எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில் கொட்டியிருக்கிறார்கள். அதன் மாடியில் சூரியன் மறைவதைப் பார்த்தால் ஊர் முடிந்தது. டிரினிடாட் இங்கிருந்து 80 கிலோமீட்டர்தான், போகிற வழியில் ஒரு மதியம் போதும். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும், கற்தெருவில் நடக்க முடியாத பெரியவர்களுக்கும் மட்டும் கணக்கு மாறும். அவர்களுக்கு மூன்றில் இதுதான் சௌகரியம்.

இனி கமகுவே. பெரும்பாலான பயணத் திட்டங்களில் விடுபட்டுப்போகும் ஊர், காரணம் தூரம். ஹவானாவிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். அதுவும் சிற்றூர் இல்லை, சுமார் 3 லட்சம் பேர் வாழும் நகரம், கியூபாவின் மூன்றாவது பெரியது.

தெருக்கள் வளைந்து, முட்டி, முக்கில் போய் முடிகின்றன. கடற்கொள்ளையரைக் குழப்பத்தான் இப்படிக் கட்டினோம் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நல்ல கதைதான். ஒவ்வொரு தேவாலயத்தையும் சுற்றி வீடுகள் தன்போக்கில் வளர்ந்ததால் வந்த குழப்பம் என்பதே நம்பும்படி இருக்கிறது. கொள்ளையர் வந்தது மட்டும் நிஜம். 1668இல் ஹென்றி மார்கன் இந்த ஊரைச் சூறையாடி, பணத்தோடு 500 மாடுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். மாட்டூரில் வேறென்ன கேட்பான்!

முற்றங்களில் தினாஹோன் என்ற மண்சாடிகள் கிடக்கும். ஆள் உள்ளே இறங்கி நிற்கலாம், நம்மூர்க் குதிர் மாதிரி. ஆறு வற்றும் ஊர் என்பதால் கூரையிலிருந்து விழும் மழைநீரைப் பிடிக்கச் செய்தவை, பாதியை மண்ணில் புதைத்துக் குளிர்ச்சியாக வைத்தார்கள். 1900இல் எண்ணியபோது 16,000க்கு மேல் இருந்தனவாம். அந்தத் தண்ணீரைக் குடித்தவர் ஊரை விட்டுப் போகமாட்டார் என்பது உள்ளூர் நம்பிக்கை.

எனக்கு மிகவும் பிடித்தது அக்ரமோந்தே பூங்காவின் பனைகள். 1851இல் ஸ்பானிய ஆட்சி, தன்னை எதிர்த்துக் கிளர்ந்த ஹோவாக்கின் தெ அகுவேரோவையும் அவருடைய தோழர்கள் மூவரையும் சுட்டுக்கொன்றது. நினைவுச்சின்னம் வைக்க விடுவார்களா? பூங்காவை அழகுபடுத்துகிறோம் என்று சொல்லி, இறந்த நால்வருக்கும் ஆளுக்கொரு பனை நட்டுவிட்டார்கள் ஊர்க்காரர்கள். ஆட்சியாளர்கள் அதன் நிழலில்தான் உலாவினார்கள். பூங்காவின் நடுவில் குதிரை மேல் இருப்பவர் இந்த ஊரில் பிறந்து 1873இல் விடுதலைப் போர்க்களத்தில் விழுந்த இக்னாசியோ அக்ரமோந்தே. மஞ்சள் காய்ச்சலைக் கொசு பரப்புகிறது என்று முதலில் சொன்ன கார்லோஸ் ஃபின்லேவும், கவிஞர் நிக்கொலாஸ் கியேனும் பிறந்த ஊரும் இதுவே. 1967இலிருந்து சொந்தமாக ஒரு பாலே குழுவும் வைத்திருக்கிறது.

குறைகளும் இல்லாமல் இல்லை. கடற்கரை பக்கத்தில் கிடையாது. டிரினிடாட்டில் 12 கிலோமீட்டரில் அன்கோன் கடற்கரை இருக்கிறது. கமகுவேயில் ஒரு சதுக்கத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் மங்கலான, காரை பெயர்ந்த தெருக்களைத் தாண்ட வேண்டும். ஆங்கிலம் குறைவு. ஆனால் இங்கே உங்களை யாரும் துரத்துவதில்லை.

சாப்பாட்டில் மூன்றும் ஏறத்தாழ ஒன்றுதான். சைவர்களுக்கு கருப்பு பீன்ஸ் சாதம், பூண்டு ஊற்றிய மரவள்ளிக்கிழங்கு, தட்டிப் பொரித்த வாழைக்காய். சாதத்தில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

தங்குவதற்கு நீல நங்கூரக் குறி போட்ட வீடுகளைப் பாருங்கள், குடும்பங்கள் அறை விடும் வீடுகள் அவை. 2024 அக்டோபரில் நாடு முழுக்க மின்கட்டமைப்பே விழுந்தது. தலைநகரைவிட மாகாணங்களில்தான் மின்வெட்டு நீளம். எனவே இன்வெர்ட்டரோ சோலாரோ இருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். எரிபொருள் தட்டுப்பாட்டில் பேருந்தும் பங்கு டாக்சியும் சட்டென்று குறையும். கமகுவேக்கு இது பெரிய சிக்கல், தூரம் அதிகம் அல்லவா. அமெரிக்க வங்கி அட்டைகளை நம்பிப் போகாதீர்கள், யூரோ ரொக்கமே கைகொடுக்கும்.

சரி, எது? கியூபாவுக்கு முதல் தடவை, கையில் மூன்று நாள்தான் என்றால் டிரினிடாட்டில் இரண்டு இரவு, வழியில் சியன்ஃபுவேகோஸில் ஒரு மதியம். ஒரு வாரம் இருக்கிறது, ஸ்பானிஷ் நாலு வார்த்தை தெரியும், கூட்டம் ஆகாது என்றால் யோசிக்காமல் கமகுவே. டிரினிடாட்டுக்குப் போய் வந்தவர்கள் அடுத்த தடவை மறுபடி அங்கேயே போவதைப் பார்க்கும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கும். டிசம்பர் 24 இரவை ஒட்டிப் போகிறவர்கள் மட்டும் மூன்றையும் ஒதுக்கிவிட்டு வடக்கே ரெமேதியோஸுக்குப் போகலாம். அங்கே சான் சால்வதோர், எல் கார்மென் என்ற இரண்டு பேட்டைகளும் விடிய விடிய வாணவேடிக்கையிலும் அலங்கார வண்டிகளிலும் மோதிக்கொள்ளும். மறுநாள் தூங்குவதற்கு அறையைச் சதுக்கத்திலிருந்து தள்ளியே எடுங்கள்.

கிளம்பும் முன் ஒரு எச்சரிக்கை, குறிப்பாக பிரிட்டிஷ், ஐரோப்பிய பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்களுக்கு. 2021 ஜனவரி 12க்குப் பிறகு கியூபா போனவர்கள் எஸ்டா (விசா இல்லாமல் போக இணையத்தில் எடுக்கும் அனுமதி) முறையில் அமெரிக்காவுக்குள் நுழைய முடியாது, தூதரகத்தில் விசா எடுக்க வேண்டும். நியூஜெர்சியில் சொந்தக்காரர் கல்யாணம் வருகிறது என்றால் அதை முதலில் முடித்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.