மறுவாழ்வுக் காதல் கதைகள்: தொடராகவா, முழு நாவலாகவா?

விவாகரத்துக்குப் பிறகு புதிதாக வாழத் தொடங்கும் நாயகிகளின் கதையைப் பிரதிலிபி மாதிரி செயலியில் தொடராகப் படிப்பதா, புத்தகமாக வாங்குவதா?

செலவு
தொடர்: பல அத்தியாயங்கள் இலவசம். பூட்டியதைத் திறக்க நாணயம், சந்தா அல்லது பொறுமை.
நாவல்: ஒரே தடவை பணம். பக்கத்தில் வாடகை நூலகம் இருந்தால் அதுவும் மிச்சம்.

கதை
தொடர்: ஒவ்வொரு அத்தியாயமும் திடுக்கென்று முடிய வேண்டுமே! அதனால் பழைய கணவர் திரும்பத் திரும்ப வாசலில் வந்து நிற்பார். நாயகியோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டதும் விடுதலை. நிஜத்தில், இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் பரஸ்பர சம்மத விவாகரத்துக்கே ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும். மனுப் போட்ட பிறகு பொதுவாக இன்னும் 6 மாதம். (இந்த 6 மாதத்தை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.)
நாவல்: அந்த மாதங்களுக்கு இடம் உண்டு. வாடகை வீடு தேடுவது, பிள்ளையின் பள்ளிக்கூடம், அம்மா வீட்டு முணுமுணுப்பு எல்லாம் வந்த பிறகு காதல் வந்தால்தான் எனக்கு நம்பிக்கை வருகிறது. எல்லா எழுத்தாளரும் அப்படி எழுதுவதில்லை, அது வேறு விஷயம்.

முடிவு
தொடர்: பாதியில் நிற்கலாம்.
நாவல்: கையிலேயே இருக்கும்.

பேருந்துப் பயணத்துக்குத் தொடர் போதும். முடிந்த தொடராகப் பார்த்து எடுங்கள். நீங்களே விவாகரத்துக்குப் பிறகான அந்தக் கட்டத்தில் இருந்தால் நாவல்தான். கடைசி அத்தியாயத்தை முதலில் புரட்டினாலும் யாரும் கேட்கப் போவதில்லை.