போர்வெல் தண்ணீரில் இரண்டே கால் வருடம்: ஒரு மலிவு விலை ஒற்றைப் பக்க ரேசர்

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊரில் போர்வெல் தண்ணீர் பட்ட எதுவும் வெள்ளை கட்டாமல் தப்பாது. குழாய் வாய், ஹீட்டர் காயில், எவர்சில்வர் குடத்தின் அடி, எல்லாவற்றிலும் உப்பு ஏறும். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது. 2013-இல் அந்தத் திட்டம் தொடங்கியதே நிலத்தடி நீரின் ஃபுளோரைடால் இந்த மாவட்டத்து மக்களின் பல்லும் எலும்பும் கெட்டதால்தான். குளியலறைக்கு மட்டும் இன்றும் போர்வெல்தான். அந்தத் தண்ணீரில் வாரத்துக்கு நாலு நாள் சவரம் செய்து ஒரு ரேசரை இரண்டே கால் வருடம் ஓட்டியிருக்கிறேன். வாங்கிய விலை 750 ரூபாய்.

நான் ஓசூரில் ஒரு இயந்திரப் பட்டறையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்க வெர்னியரும் மரை கேஜும்தான் கையில். அதனால் இந்த ரேசரின் தயாரிப்புத் தரத்தை, தேய்வதற்கு நேரம் கொடுத்த பிறகே எழுத நினைத்தேன்.

ஒரு பக்கம் மட்டும் வெட்டும் பாதுகாப்பு ரேசர் புதிதல்ல. நியூயார்க்கின் காம்ஃபே சகோதரர்கள் 1880-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். கில்லெட்டின் இரண்டு பக்க பிளேடுக்குக் காப்புரிமை கிடைத்தது 1904-இல். பழைய ஒற்றைப் பக்க ரேசர்களுக்கான தடித்த பிளேடு எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்காது. என் ரேசருக்கு, மளிகைக் கடையில் வாங்கும் சாதாரண பிளேடைக் காகிதத்தோடு வளைத்து இரண்டாக உடைத்துப் பாதியைப் போட வேண்டும். சலூனில் நம் கண் முன்னால் உடைத்துப் போடுவார்களே, அதே அரை பிளேடு.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. பிளேடின் தடிமன் வெறும் 0.1 மில்லிமீட்டர். இரண்டு பக்க ரேசரில் முழு பிளேடு நடுவில் வளைந்து விறைப்பாக நிற்கும். இதில் அரை பிளேடின் பின்விளிம்பு ஒரு திட்டில் முட்டி நிற்க வேண்டும். இரண்டு சின்ன முளைகள் அதை நகராமல் பிடிக்க வேண்டும். மேல்மூடி கூர்முனைக்கு எவ்வளவு கிட்டே அழுத்துகிறதோ அவ்வளவுக்கு பிளேடு அதிராமல் இருக்கும். அழுத்தம் தளர்ந்தால் தாடையில் அடர்ந்த முடியைத் தொட்டதும் பிளேடு துள்ளுவது விரலுக்கே தெரியும். முளைகளில் ஒன்று 0.1 மி.மீ. தள்ளி வார்க்கப்பட்டிருந்தாலும் பிளேடு கோணலாக உட்காரும், ஒரு முனை கூடுதலாக நீட்டும். எப்போதும் ஒரே கன்னம் எரிகிறது என்றால் கையைக் குறை சொல்லும் முன் இதைப் பாருங்கள்.

வீட்டிலேயே சோதிக்கலாம். சாதாரண ஏ4 தாளும் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன்தான். அதில் இரண்டு மெல்லிய கீற்றுகள் வெட்டி, பிளேடு இல்லாமல், மேல்மூடிக்கு அடியில் இரு முனைகளிலும் வைத்து இறுக்குங்கள். பிறகு ஒவ்வொன்றாக இழுங்கள். இரண்டும் ஒரே மாதிரி பிடித்து நிற்க வேண்டும். எனக்கு முதலில் வந்த ரேசரில் இடப்பக்கக் கீற்று சும்மா உருவிக்கொண்டு வந்தது. திருப்பி அனுப்பினேன். பத்து நாளில் மாற்று வந்தது, அதில் இரண்டும் கெட்டியாக நின்றன. இந்த விலையில் ஒன்றுக்கொன்று இவ்வளவு வித்தியாசம் இருப்பதுதான் என் முதல் குறை.

இரண்டாவது குறை உலோகம். பெட்டியில் 'உலோகம்' என்று மட்டும் போட்டிருந்தார்கள். கையில் கனத்தது, காந்தம் தலையைக் கைப்பிடியோடு இணைக்கும் மரைத்தண்டில் மட்டும் ஒட்டியது, தலையில் ஒட்டவில்லை. கனத்தை நம்பி, குரோம் பூசிய பித்தளை என்று முடிவு செய்துவிட்டேன். ஒன்பதாவது மாதம், உப்பு கட்டியிருந்த அடித்தட்டை, அதாவது தலையில் பிளேடு உட்காரும் கீழ்ப்பகுதியை, புளித்தண்ணீரில் ஊறப் போட்டேன். அம்மா பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத்தானே தேய்க்கிறார்! ராத்திரி முழுக்க ஊறிவிட்டது. காலையில் பார்த்தால் ஒரு மூலையில் பூச்சு கொப்பளித்திருந்தது. நகத்தால் தொட்டதும் உரிந்தது, அடியில் சாம்பல் நிறம். பித்தளை என்றால் மஞ்சள் தெரிந்திருக்கும். இது துத்தநாகக் கலவை, எங்கள் வட்டாரத்தில் ஜமாக் என்பார்கள், சுமார் 4 சதவீதம் அலுமினியம் கலந்தது. 400 டிகிரிக்குள் உருகிவிடும், பித்தளைக்கு 900 பக்கம் வேண்டும். அதனால்தான் இந்த விலைக்கு வார்த்துத் தள்ள முடிகிறது. பூச்சில் ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் புளியின் டார்டாரிக் அமிலம் உள்ளே போய் துத்தநாகத்தைத் தின்னும். எலுமிச்சை, வினிகரும் இதே வேலையைத்தான் செய்யும்.

மரைத்தண்டு எஃகு என்பதால் இன்னொன்றும் நடக்கிறது. எஃகும் துத்தநாகமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டே இருந்தால் முதலில் அரித்துப்போவது துத்தநாகம்தான். தண்டு நுழையும் துளையைச் சுற்றி வெள்ளைப் பொடி வந்தது. முதலில் அதையும் தண்ணீர் உப்பு என்றே நினைத்தேன்.

அதற்கப்புறம் பழக்கத்தை மாற்றினேன். சவரம் முடிந்ததும் பிரித்து, கடைசி அலசலுக்கு ஒரு டம்ளர் ஒகேனக்கல் தண்ணீர், துணியில் துடைப்பு, மாதத்துக்கு ஒருமுறை மரையில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. உரிந்த மூலை பெரிதாகவில்லை. மரையில் ஆட்டம் இல்லை, விரல் இறுக்கத்தோடு நிறுத்திக்கொள்வதும் ஒரு காரணம். பித்தளைக் குழாயால் ஆன கைப்பிடியில் ஒரு கீறலைத் தவிர ஒன்றும் இல்லை.

சவரம் நன்றாகவே இருக்கிறது. அரை பிளேடு மூன்று நாள் வரும். மீசைக்கு அடியில் ஒற்றைப் பக்கத் தலை சுலபமாக நுழைகிறது. தாள் சோதனையை இப்போது செய்தாலும் இரண்டு கீற்றும் நிற்கின்றன. வடிவமைத்தவர் வேலையை அறிந்தவர், காசு மிச்சம் பிடித்தது உலோகத்தில்.

அடித்தட்டு மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று விற்றவர்களிடம் இரண்டு முறை கேட்டேன், பதில் வரவில்லை. ஓசூரில் எங்கள் பட்டறைக்குப் பக்கத்தில் மில்லிங் மெஷின் வைத்திருக்கும் அண்ணனிடம் காட்டினேன். "பித்தளையில போடலாம் தம்பி. ஆனா அந்த ரெண்டு முளைக்கே ரேசர் விலையைவிட அதிகம் ஆகும்" என்றார். பரவாயில்லை என்று அளவெடுத்து வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.