களிம்பு ஏறும் சாக்கெட்: மின் ஸ்கூட்டரில் இரண்டு மழைக்காலம்

பொங்கல் லீவு முடிந்த பிறகுதான் வண்டி சர்வீஸ் சென்டரிலிருந்து வந்தது. 11 நாள் அங்கே நின்றது. மாற்றியது ஒரே ஒரு பொருள், சார்ஜர் செருகும் சாக்கெட். அதற்கு 2,850 ரூபாய். "தண்ணீர் பட்டதால் வாரண்டியில் வராது" என்று பில்லிலேயே எழுதிக் கொடுத்தார்கள். அந்த வாரம் நெல்லிக்குப்பத்திலிருந்து சித்தி மகன் போன் செய்தான். "அண்ணா, நானும் இதே வண்டியை எடுக்கலாம்னு இருக்கேன், எடுக்கட்டுமா?" என்று கேட்டான். அன்றிருந்த கோபத்தில் அவனுக்குப் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில், வேலை புதுச்சேரி மரப்பாலம் பக்கத்தில். தென்பெண்ணைப் பாலம் ஏறி ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று போகிற வழி. போக 22 கிலோமீட்டர், வர 22. மின் வண்டிகளுக்கு மத்திய அரசு கொடுத்த ஃபேம் மானியம் 2023 ஜூன் 1 முதல், பேட்டரி கொள்ளளவில் ஒவ்வொரு கிலோவாட்-மணிக்கும் (அதாவது ஒவ்வொரு யூனிட்டுக்கும்) 15,000 ரூபாயிலிருந்து 10,000 ஆகக் குறைகிறது என்றார்கள். அதற்கு முந்தின வாரம் அவசரமாக எடுத்த வண்டி இது. இப்போது 21 ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. மோட்டாரும் பேட்டரியும் ஒரு நாள்கூட என்னை நடுரோட்டில் விட்டதில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே திட்டப் போகிறேன்.

குளிர்காலத்தில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்று வடநாட்டுக்காரர்கள் சொல்வதைக் கேட்டு இங்கே யாரும் பயப்பட வேண்டாம். நம் கடற்கரையில் மார்கழி விடியற்காலையிலும் 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். லித்தியம் பேட்டரிக்கு அது குளிரே இல்லை. ஆனால் வாடைக்காற்று வேறு விஷயம். ஐப்பசி பிறந்ததிலிருந்து காலையில் வடக்கே போகும்போது காற்று முகத்தில் அடிக்கும், சாயங்காலம் திரும்பும்போது முதுகைத் தள்ளும். அதே தூரத்துக்குப் போகும்போது 31 சதவீதம் சார்ஜ் இறங்குகிறது, வரும்போது 25. வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பு அதைவிட அதிகமாகக் கூடும். அதனால் காலையில் 60-ஐ விட்டு 45-க்கு இறங்கினால் அந்த 31, 26 ஆகிவிடுகிறது. பெட்ரோல் வண்டி ஓட்டிய 12 வருஷத்தில் காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்று நான் யோசித்ததே இல்லை. இப்போது வாசலில் நின்று தென்னங்கீற்றைப் பார்த்தே அன்றைய கணக்கைச் சொல்லிவிடுவேன்.

அப்புறம் அந்த நிசப்தம். மார்கழியில் ஐந்தரை மணிக்குக் கிளம்பினால், கோயில் ஒலிபெருக்கிப் பாட்டு ஒரு ஊரில் தேய்ந்து அடுத்த ஊரில் தொடங்குவது காதில் விழும். சுண்ணாம்பாற்றுப் பாலத்தில் தண்ணீர்ப் பறவைகளின் சத்தம் கேட்கும். வண்டி எடுத்தபோது இதற்காக எடுக்கவில்லை. ஆனால் விற்க மனம் வராததற்குப் பெரிய காரணம் இதுதான்.

மழையில் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆக்சிலேட்டரை விட்டதும் மோட்டாரே பின்சக்கரத்தை இழுத்துப் பிடிக்கிறதே, அதை மழைக்காலத்தில் குறைந்த அளவில் வையுங்கள். ஈரத் தார் ரோட்டில், அதுவும் வெள்ளைக் கோட்டின் மேல், பின்சக்கரம் சறுக்கும். பேட்டரி 100 சதவீதம் நிறைந்திருந்தால் இந்தப் பிடிப்பு வேலை செய்யாது, முதல் சில கிலோமீட்டருக்கு வண்டி வேறு வண்டி மாதிரி ஓடும். அதனால் நான் 90-லேயே நிறுத்திவிடுகிறேன். மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் முன் டிஸ்க் பிரேக்குக்கு வேலை குறைவு, அதில் துரு படியும். தினமும் காலையில் தெரு முனைக்குள் நாலு தடவை முன் பிரேக்கை அழுத்திவிட்டுத்தான் மெயின் ரோட்டுக்கு வருவேன்.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. அங்கே ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. வண்டியைத் திண்ணையில் ஏற்றி வைத்தோம். மூன்று நாள் கரண்ட் இல்லை. சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பொங்கியதும் புதுச்சேரி நினைப்பையே விட்டுவிட்டேன். மழை விட்டபின் வண்டியைத் தொட்டதும் கிளம்பியது. தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கு ஐ.பி. 67 என்று தரம் போட்டிருக்கிறதே, தண்ணீரில் இறக்கலாமே என்றான் பக்கத்து வீட்டுப் பையன். அந்தச் சோதனை ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில், அரை மணி நேரம், புது ரப்பரோடு செய்வது. உப்புத் தண்ணீருக்கும் பழைய ரப்பருக்கும் அது பொருந்தாது. நான் இறக்கவில்லை.

ஆக, இந்த வண்டி புயலுக்குத் தப்பியது. கெட்டது வெறும் காற்றில்.

சார்ஜ் செருகும் இடத்துக்கு ஒரு ரப்பர் மூடி. வாங்கி ஆறு மாதத்தில் அதன் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டது. கடலுக்கும் எங்கள் வீட்டுக்கும் அரை கிலோமீட்டர் இருக்காது. மார்கழிப் பனியில் உப்பும் சேர்ந்து எல்லாவற்றின் மேலும் படியும். முதல் வருஷ டிசம்பரிலேயே சாக்கெட்டின் சின்னப் பின்களில் பச்சையாகக் களிம்பு. தாமிரப் பாத்திரத்தில் ஏறுமே, அதேதான். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "புளி போட்டுத் தேச்சா போயிடும்டா" என்றார். மின்சாரம் போகும் இடத்தில் அதைச் செய்ய முடியுமா? மின் பின்களைச் சுத்தம் செய்யும் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்து, பஞ்சுக் குச்சியால் துடைத்து, காயவிட்டேன். இரண்டு வாரத்தில் மறுபடியும்.

பெரிய பின்களில்தான் கரண்ட் போகிறது. சின்னப் பின்கள் வண்டியும் சார்ஜரும் பேசிக்கொள்ள. அதில் களிம்பு ஏறினால் வண்டி செருகியிருப்பதே சார்ஜருக்குத் தெரியாது, சிவப்பு விளக்கோடு நின்றுவிடும். இரவு பத்து மணிக்குச் செருகி, காலை ஐந்து மணிக்கு 22 சதவீதத்தைப் பார்த்திருக்கிறீர்களா? இந்தப் பருவத்தில் மட்டும் ஒன்பது தடவை பார்த்தேன். ஒன்பது நாளும் பஸ். இதில் என் தப்பும் ஒன்று உண்டு. சார்ஜ் முடிந்த பிறகும் காலைவரை செருகியபடியே விட்டிருக்கிறேன். பின்களுக்கு இடையே மின்னழுத்தம் இருக்கும்போது உப்பு ஈரம் சேர்ந்தால் அரிப்பு பல மடங்கு வேகமாகும். திருப்பாதிரிப்புலியூரில் ஆட்டோ எலக்ட்ரிக் வேலை செய்யும் பெரியவர் ஒருவர்தான் இதைச் சொல்லிக் கொடுத்தார். கம்பெனிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை.

நியாயமாகப் பார்த்தால் எங்கள் தெருவில் எந்த இரும்பும் பிழைப்பதில்லை. ஜன்னல் கம்பி, கேட், பழைய வண்டியின் சைலன்சர் எல்லாவற்றையும் உப்பு தின்றிருக்கிறது. ஆனால் லட்ச ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டு, இவ்வளவு நல்ல மோட்டாரைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு, சரியாக மூடும் ஒரு ரப்பர் துண்டைச் செய்யத் தெரியாதா? நம் மாநிலத்தில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை இருக்கிறது. இங்கே விற்க வருகிறவர்கள் உப்புக்காற்றைத் தெரிந்துகொண்டு வரவேண்டாமா? 'தண்ணீர் பட்டது' என்று எழுதினார்களே, படாமல் தடுப்பதுதானே அந்த மூடியின் வேலை? சர்வீஸ் மேனேஜரிடம் இதைக் கேட்டேன். மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றார்.

தம்பியிடம், வேண்டாம், எடுக்காதே என்று சொல்லிவிட்டேன். நெல்லிக்குப்பம் கடலைவிட்டுத் தள்ளி இருக்கிறது, அவனுக்குக் கார் ஷெட்டும் உண்டு, இந்தத் தொல்லை அநேகமாக வராது. தெரிந்தேதான் சொன்னேன். மூடியை மாற்றிய வண்டி வரட்டும், அப்போது பார்க்கலாம். "அப்ப உன் வண்டியைக் குடுத்துடறியா?" என்றான். அதைக் கொடுக்க மாட்டேன்.

புது சாக்கெட்டுக்குச் சைக்கிள் டியூபை வெட்டி இரண்டாவது மூடி கட்டியிருக்கிறேன். பின்களில் மின்கடத்தா கிரீஸ் தடவி, சார்ஜ் முடிந்ததும் எழுந்துபோய்ப் பிடுங்குகிறேன். மூன்று வாரம் ஆகிறது. நேற்று டார்ச் அடித்துப் பார்த்தேன், இடது ஓரச் சின்னப் பின்னில் கடுகளவு பச்சை.