காரைச் சேர்விஸுக்கு எங்கே விடுவது: யாழ்ப்பாணக் கொம்பனியா, ஏ9 கரையா, ஊர்க் கராச்சா?

போன மாசம் காரைச் சேர்விஸ் செய்துகொண்டு வந்து, முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்து பில்லை மூன்று தரம் வாசித்தேன். 48,650 ரூபா. கார் ஒன்றும் பெரிய கார் இல்லை, 660 சிசி யப்பான் குட்டிக்கார். முதல் வரியே 'எஞ்சின் ஒயில் 4 லீற்றர்'. இந்த எஞ்சினுக்குப் பில்ரரும் மாற்றி முழுக்க ஊற்றினாலும் 3 லீற்றர் பிடிக்காது. வருவது 4 லீற்றர் கான், மூடியைத் திறந்தால் முழுக் கானும் எங்கள் தலையில். மிச்சம் எங்கே என்று போன் எடுத்துக் கேட்டேன். "அது வேஸ்ரேஜ் சேர்" என்றது ஒரு பிள்ளை, வலு மரியாதையாக.

அதோடு விட்டிருப்பேன். ஆனால் ஐந்தாவது வரியில் 'ஏர் பில்ரர், புதியது' என்று இருந்தது. சரி, புதுசு எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று பொனற்றைத் தூக்கி, பெட்டியின் கிளிப்பைக் கழற்றி, பில்ரரை வெளியே எடுத்து வெயிலில் பிடித்தேன். மேலாலே பளிச்சென்றுதான் இருந்தது. மடிப்பை விரலால் விரித்துப் பார்த்தால் உள்ளே நெல் உமி. இங்கே வன்னியில், விசுவமடுவில் இருந்து புளியம்பொக்கணைப் பக்கம் அறுவடைக் காலத்தில் போய்வந்தவர்களுக்குத் தெரியும், பாதி றோட்டில் நெல் காயும், மற்றப் பாதியில்தான் நாங்கள் ஓடுவோம். அந்த உமி, பெட்டி பிரித்துப் போட்ட புதுப் பில்ரருக்குள் எப்படி வந்தது? பழசுக்குக் காற்றடித்துத் திரும்பப் போட்டுவிட்டு, புதுசின் காசை எடுத்திருக்கிறார்கள். எந்த இடம், எந்தக் கொம்பனி என்று சொல்லப் போவதில்லை, அது இந்தக் கதைக்குத் தேவையும் இல்லை.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்த இரண்டு வருசத்தில் மூன்று விதமான இடத்துக்கும் காரைக் கொண்டுபோயிருக்கிறேன். ஒன்று, யாழ்ப்பாணத்தில் இருக்கிற கொம்பனிச் சேர்விஸ் சென்ரர், எங்கள் வீட்டில் இருந்து போகவர 150 கிலோமீற்றர் சொச்சம். இரண்டாவது கண்டி-யாழ்ப்பாண ஏ9 றோட்டுக் கரையில் இருக்கிற சேர்விஸ் ஸ்ரேசன், தூக்கிக் கழுவி ஒயில் மாற்றி அனுப்புகிற இடம். மூன்றாவது எங்கள் ஊர் அண்ணையின் கராச்: ஒரு வேம்பு, ஒரு தகரக் கொட்டில், நிலம் முழுக்க ஒயில் குடித்துக் கறுத்த மண். மூன்று இடத்திலும் தேவையில்லாத காசு போயிருக்கிறது, ஆனால் போன வழி ஒவ்வொன்றிலும் வேறு.

முதலில், எத்தனை கிலோமீற்றருக்கு ஒருக்கா என்ற கேள்வி. கொம்பனியும் சரி, ஏ9 கரையும் சரி, கண்ணாடியில் ஒட்டிவிடுகிற ஸ்ரிக்கரில் 5,000 என்றுதான் எழுதுவார்கள். ஊர் அண்ணை கிலோமீற்றரே பார்ப்பதில்லை, ஒயில் பார்க்கிற டிப்ஸ்ரிக் கம்பியை இழுத்து விரலில் தேய்த்து "கறுத்திட்டுது தம்பி, மாத்துவம்" என்பார். நல்ல ஒயில் என்றால் கறுக்கத்தான் செய்யும், எஞ்சினுக்குள் இருக்கிற கரியைத் தன்னோடு இழுத்துக்கொண்டு வருவதுதான் அதன் வேலை, நிறத்தை மட்டும் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. அப்போ யாரை நம்புவது? காரோடு வந்த புத்தகத்தைத்தான். ஆனால் இங்கே ஓடுகிற ரீகொண்டிசன் கார்களில் (யப்பானில் பாவித்து இங்கே இறக்கியவை) டாஷ்போட்டுக்குள் கிடக்கிற புத்தகம் யப்பான் மொழியில் இருக்கிறது. வாசிக்கத் தெரியாத புத்தகத்தை வைத்திருக்கிறவனுக்கு மொழிபெயர்க்க வருகிறவன் யார்? சேர்விஸ் செய்து காசு வாங்குகிறவன்தான்! நானும் மச்சானும் ஒரு ஞாயிறு பின்னேரம் இருந்து, அவனுடைய ரொயோற்றா அக்ஸியோக் காரின் புத்தகத்தைப் போன் கமராவால் மொழிபெயர்த்துப் பார்த்தோம். ரொயோற்றா தன் ஊர்க்காரருக்குச் சொல்வது, ரேர்போ இல்லாத பெற்றோல் காருக்கு 15,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருசம். மோசமான றோட்டிலும் கிட்டக்கிட்ட ஓட்டங்களிலும் பாவித்தால் அதில் பாதி, 7,500 அல்லது ஆறு மாசம்.

எங்கள் பக்கம் எந்தக் கணக்குக்குள் வரும் என்று கேட்கவே தேவையில்லை. ஏ9 இல் ஏறினால் சீமெந்துத் தரை மாதிரி வழுக்கிக்கொண்டு போகலாம், அதில் இருந்து இறங்கிக் குளத்தடிப் பக்கம் திரும்பினால் கிறவல், முன்னால் ஒரு உழவு மெசின் போனால் ஐந்து நிமிசத்துக்குக் காற்றே செம்மண். ஆகவே 15,000 எங்களுக்கு இல்லை, அதை நம்பி ஓடினால் எஞ்சின்தான் அடிவாங்கும். 7,500 சரி. 5,000 என்பதைக் கொள்ளை என்று சொல்ல மாட்டேன், கொஞ்சம் அவசரம், அவ்வளவுதான். கொள்ளை வேறு வரிகளில் இருக்கிறது.

என் பில்லில் அந்த வரிகள் நாலு: எஞ்சின் பிளஷ், இன்ஜெக்ரர் கிளீனிங், த்ரொட்டில் பொடி கிளீனிங், ஏசி கிளீனிங். நேரத்துக்கு ஒயில் மாற்றிவருகிற எஞ்சினுக்குப் பிளஷ் (மருந்து ஊற்றி உள்ளே கழுவுவது) தேவையே இல்லை, கழுவுகிற மருந்து ஒயிலுக்குள்ளேயே இருக்கிறது. வருசக்கணக்காக ஒயில் மாற்றாமல் உள்ளே சேறு கட்டிப்போன பழைய எஞ்சினுக்கோ பிளஷ் ஆபத்தாகவும் முடியலாம், இளகிய சேறு ஒயில் பம்பின் வலையில் போய் அடைத்தால் கதை கந்தல். பெற்றோலைப் பீச்சுகிற இன்ஜெக்ரரும் காற்றை உள்ளே விடுகிற த்ரொட்டிலும் கார் நின்ற இடத்தில் உதறினால், இழுவை குறைந்தால் பார்க்க வேண்டியவை. என் கார் உதறவில்லை. கவுண்டரில் நின்ற தம்பி "பக்கேஜில வரும் அண்ணா" என்றான், நானும் தலையாட்டினேன், அந்தத் தலையாட்டலுக்குத்தான் பாதிக் காசு போனது. ஏ9 கரையில் இந்த நாலும் கேட்க மாட்டார்கள், அங்கே வேறு பாட்டு: எந்த ஒயில் கொம்பனியின் பலகை வாசலில் தொங்குகிறதோ அந்த ஒயில்தான் உலகத்திலேயே நல்லது, பிறகு அடித்தட்டுக்குத் துருப்பிடிக்காத மருந்து, அதன் பிறகு மெழுகு. ஊர்க் கராச்சில் பக்கேஜ் என்ற சொல்லே கிடையாது.

அதற்காக ஊர்க் கராச் மலிவு என்று முடிவுகட்டாதீர்கள். அண்ணையிடம் ஒரு பரலில் 20டபிள்யூ-50 என்ற தடித்த ஒயில் இருக்கும், உழவு மெசினுக்கும் அதுதான், வானுக்கும் அதுதான், கேட்காமல் விட்டால் என் காருக்கும் அதுதான். என் எஞ்சின் கேட்பது 0டபிள்யூ-20, தண்ணீர் மாதிரி மெல்லிய ஒயில். தடித்ததை ஊற்றினால் அன்றைக்கே எஞ்சின் நிற்காது, ஆனால் காலையில் ஸ்ராட் பண்ணும்போது ஒயில் மேலே ஏறச் சுணங்கும், பெற்றோலும் கூடக் குடிக்கும். ஒயில் விலையில் மிச்சம் பிடித்ததைப் பெற்றோல் செட்டில் கொடுக்க வேண்டியதுதான். இப்போது ஒயிலை நானே கடையில் வாங்கிக்கொண்டு போகிறேன். அண்ணைக்கு முதலில் முகம் சுருங்கியது, பிறகு பழகிவிட்டது.

எஞ்சினைக் குளிராக்குகிற கூலன்ற் விசயத்தில் கொம்பனியும் ஊர்க் கராச்சும் எதிரெதிராகப் பிழை விடும். ரொயோற்றாவின் ரோஸ் நிறக் கூலன்றுக்கு முதல் மாற்றம் 160,000 கிலோமீற்றர் அல்லது ஏழு வருசத்தில்தான், மச்சானுக்கோ கொம்பனியில் 60,000 இலேயே மாற்றச் சொன்னார்கள். ஊர்க் கராச்சில் மாற்றவே சொல்ல மாட்டார்கள், குறைந்தால் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொதிக்கவைத்த கேத்திலுக்குள் பார்த்திருப்பீர்கள்தானே, வெள்ளைச் சுண்ணாம்பு படை படையாக நிற்கும். அதே படைதான் ரேடியேற்றருக்குள்ளும் பிடிக்கும். வெள்ளனவே கூலன்ற் மாற்றினால் காசு மட்டும்தான் போகும், கிணற்றுத் தண்ணீர் எஞ்சினையே கொண்டுபோய்விடும். இதில் என் வாக்கு கொம்பனிக்கே.

மச்சானின் அக்ஸியோவுக்கு வேறோர் இடத்தில், ஊரும் இல்லை கொம்பனியும் இல்லை, "ரைமிங் பெல்ற் மாத்திற காலம் வந்திட்டுது" என்றார்களாம். அந்த எஞ்சினில் ரைமிங்குக்கு (வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட) இருப்பது பெல்ற் இல்லை, செயின். இல்லாத பெல்ற்றுக்கு விலை பேசிய அந்த வித்துவானைக் கும்பிடலாம் போலிருந்தது.

இனி, நான் மூன்று இடத்தையும் சேர்த்து ஏசுகிற விசயம் ஒன்று. தேவையில்லாததை எல்லாம் செய்கிறார்கள், எங்கள் தூசுக்கு உண்மையிலேயே செய்ய வேண்டியதை யாரும் செய்வதில்லை. அக்ஸியோ ஹைபிரிட், அக்குவா மாதிரி பெற்றோலோடு பற்றரியிலும் ஓடுகிற காரில் பெரிய பற்றரியைக் குளிராக்கக் காற்று இழுக்கிற வாசல் ஒன்று பின் சீற்றடியில் இருக்கிறது. மச்சானுடையதைக் கழற்றிப் பார்த்தபோது தூசும் தலைமயிரும் முறிகண்டிக் கோவிலடியில் வாங்கிய கச்சான் கோதும் சேர்ந்து மெத்தை மாதிரி அடைத்துக்கொண்டு கிடந்தது. (பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தபின் கச்சான் வாங்காமல் யார் அந்த இடத்தைத் தாண்டினார்கள், அதுவும் பின் சீற்றில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு.) காற்றுப் போகாவிட்டால் பற்றரி சூடாகும், சூடான பற்றரி கெதியில் சாகும், அதன் விலைக்கு முன்னால் என் பில் எல்லாம் சில்லறை. சுத்தம் செய்ய ஒரு பிரஷ், ஒரு வக்கியூம், கால் மணித்தியாலம். அவன் அதுவரை கட்டிய ஒரு பில்லிலும் அந்த வரி இல்லை.

ஒரு பிழை வந்தால் யார் கண்டுபிடிப்பார் என்பதில்தான் எனக்குத் தீர்ப்புச் சொல்லக் கஷ்டம். எங்கள் அண்ணை சாதாரண ஆள் இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் பெற்றோல் கண்ணில் காட்டக் கிடைக்காதபோது, சின்னப் போத்தலால் இரண்டு துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சி ஸ்ராட் ஆக்கி, மண்ணெண்ணெயில் மோட்டச் சைக்கிள் ஓடவைத்த தலைமுறை. சத்தத்தை வைத்தே எந்தப் பெயாரிங் என்று சொல்லிவிடுவார். ஆனால் என் காரில் எஞ்சின் லைற் எரிந்தபோது அந்தக் காது உதவவில்லை. பிளக் மாற்றினார், லைற் அணையவில்லை. கொயில் மாற்றினார், அணையவில்லை. மூன்றாவதாக ஒரு சென்சரைச் சந்தேகப்பட்டபோது நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு யாழ்ப்பாணம் போனேன். ஸ்கானரைச் செருகிப் பத்து நிமிசத்தில் எந்தச் சுற்று என்று சொல்லிவிட்டார்கள், கழற்றிப் பார்த்தால் வயர் ஒன்றை எலி கடித்திருக்கிறது. நெல்லு மூட்டைக்குப் பக்கத்தில் கார் விடுகிற வீடு, எலிக்கு நான்தானே வசதி செய்து கொடுத்திருக்கிறேன். சரி என்று பார்த்தால், ஒரு வயரை ஒட்ட மாட்டார்களாம், முழு வயறிங்கையும் மாற்ற வேண்டுமாம், இலட்சத்தில் விலை சொன்னார்கள். ஸ்கான் பார்த்த காசை மட்டும் கட்டிவிட்டு ஊருக்கு வந்தேன். அண்ணை ஈயம் பற்றவைத்து, மேலே ரேப் சுற்றி, "இவ்வளவுதானா" என்றார். லைற் இன்றுவரை எரியவில்லை. வருத்தத்தை அங்கே அறிந்துகொண்டு வைத்தியத்தை இங்கே செய்வது என்று அன்றைக்குப் பிடித்த பழக்கம்.

பில், பதிவு என்ற கடதாசி விசயத்தில் கொம்பனியை அடிக்க ஆள் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 இல்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தார்கள், இடையில் பழைய கார்களின் விலை எங்கேயோ போனது. அந்த ஐந்து வருசமும் "எஞ்சின் போச்சுதெண்டா வேற வாங்கேலாது" என்ற பயத்தைக் காட்டியே எத்தனை பக்கேஜ் விற்றிருப்பார்கள். ஆனாலும் விற்கும்போது கொம்பனியில் சேர்விஸ் செய்த பதிவைக் காட்டினால் வாங்குகிறவன் கூடக் கொடுக்கிறான், அது உண்மை. அண்ணையிடம் பில் கேட்டால் சிகரெற் பெட்டி மட்டையில் எழுதித் தருவார். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்று 2003 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்க நுகர்வோர் சட்டத்தில் இருக்கிறது, பில்லில் போட்டுச் செய்யாத வேலைக்கு நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அடித்து முறையிடலாம். அண்ணையைப் பற்றி நான் முறையிடப் போவதில்லை. அந்த உமிப் பில்ரரைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்போதைக்கு நான் செய்வது இதுதான். ஒயிலும் பில்ரரும் நான் வாங்கி, ஊர் அண்ணையின் வேம்படியில், பக்கத்தில் நின்று. அடித்தட்டில் சேறு ஏறினால் கழுவ மட்டும் ஏ9 கரை. வருசத்துக்கு ஒருக்கா கொம்பனி: ஸ்கானும் பிரேக்கும், இரண்டு வருசத்துக்கு ஒருக்கா பிரேக் ஒயிலும், வேறொன்றும் வேண்டாம் என்று வேலைத்தாளில் அவர்களைக்கொண்டே எழுதுவித்து, கழற்றுகிற பழைய சாமான் எல்லாம் பையில் போட்டுத் தர வேண்டும் என்று சொல்லி. முதல் தரம் சொன்னபோது கவுண்டர்த் தம்பி ஒரு மாதிரித்தான் பார்த்தான். புதுக்கார் வாங்கி வாரண்டிக்குள் இருக்கிறவர்கள் என்னைப் பின்பற்ற வேண்டாம், உங்கள் வாரண்டிப் புத்தகத்தில் எங்கே செய்யச் சொல்லியிருக்கிறதோ அங்கேயே செய்யுங்கள், ஆனால் பக்கேஜுக்குத் தலையாட்டுவதற்கு முன் ஒவ்வொரு வரியாகக் கேளுங்கள்.

கண்ணாடி ஸ்ரிக்கர்ப்படி எனக்கு அடுத்த சேர்விஸ் 5,000 ஓடினவுடனே. நான் காலபோக அறுவடை முடிந்து இந்தத் தூசு அடங்கியபிறகு போகலாம் என்று இருக்கிறேன். ஒருவேளை கொம்பனியிலேயே ஒயில் மாற்ற நேர்ந்தாலும் என்று, மிச்சம் ஒரு லீற்றரை வாங்கிவர வெறும் சோடாப் போத்தல் ஒன்றைக் கழுவிக் காயவைத்து டிக்கிக்குள் போட்டிருக்கிறேன்.