காட்ஸ்வோல்ட்ஸா, சஃபோக்கா: நிதானமாக மிதிப்பவருக்கு எந்த இங்கிலாந்து?

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் மூன்று நான்கு நாள் அவசரமில்லாமல் சைக்கிள் மிதிக்க ஆசை என்று யாரிடம் சொன்னாலும், பெரும்பாலும் காட்ஸ்வோல்ட்ஸ் என்ற பெயரே பதிலாக வரும். தேன் நிறக் கல்வீடுகளும் சிற்றோடைப் பாலங்களுமாக அந்தப் பகுதி நாட்காட்டிப் படங்களிலும் பிஸ்கட் டப்பாக்களிலும் இடம்பிடித்துவிட்டதால், வேறு இடத்தைப் பற்றி யோசிக்கவே பலருக்குத் தோன்றுவதில்லை. லண்டனுக்கு வடகிழக்கில் ஒரு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் சஃபோக், அழகில் அதற்கு இளைத்ததில்லை என்றாலும், பேச்சில் இரண்டாவதாகத்தான் வருகிறது. காரில் வந்து இறங்குபவருக்கு ஊர் மட்டும் போதும். சைக்கிளில் வருபவரோ, ஊருக்குள் இரண்டு மணி நேரம் இருந்தால் ஊருக்கும் ஊருக்கும் நடுவே நான்கு மணி நேரம் இருக்கிறார். அந்த நான்கு மணி நேரத்தை வைத்துத்தான் இரண்டையும் எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் நிலத்தைப் பார்க்கலாம். ‘வோல்ட்’ என்ற பழைய ஆங்கிலச் சொல் மேட்டு நிலத்தைக் குறிப்பது; பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. காட்ஸ்வோல்ட்ஸின் உச்சியான கிளீவ் ஹில் 330 மீட்டர். சஃபோக்கின் மிக உயரமான இடமோ 128 மீட்டர்தான். 330 என்பது மலைநாட்டுக்காரருக்குச் சிரிப்பு மூட்டும் உயரம். ஆனால் சைக்கிள்காரரைக் களைப்பாக்குவது மொத்த உயரமல்ல, அதை ஒரே நாளில் எத்தனை முறை ஏறி இறங்க வேண்டியிருக்கிறது என்பதே. காட்ஸ்வோல்ட்ஸ் என்பது சாய்த்து வைத்த பலகை போன்ற ஒரு சுண்ணாம்புக்கல் பாறை; வடமேற்கு விளிம்பு செங்குத்தாக விழ, தென்கிழக்குப் பக்கம் தேம்ஸ் நதியை நோக்கி மெல்லச் சரிகிறது. விண்ட்ரஷ், கோல்ன், லீச் முதலிய ஆறுகள் அந்தச் சரிவிலேயே ஓடிப் பள்ளத்தாக்குகளை வெட்டியிருக்கின்றன. ஆற்றோடு போனால் சுகம். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குக் குறுக்கே போனால் ஒவ்வொரு முறையும் ஓர் ஏற்றம். பெயர்பெற்ற ஊர்களை வரிசையாகப் பார்த்துவிட வேண்டும் என்று பட்டியல் போடுபவர் குறுக்கேதான் போவார்; தமக்குத் தாமே வைத்துக்கொள்ளும் வினை அது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். விண்ட்ரஷ் ஆறு கணுக்காலளவு ஆழத்தில் தெருவோடு ஓட, அதன் மேல் தாழ்வான கற்பாலங்கள் குனிந்து நிற்கும் ஊர் போர்ட்டன்-ஆன்-த-வாட்டர். அங்கிருந்து அருகிலுள்ள ஸ்டோ-ஆன்-த-வோல்டுக்கு ஆறேழு கிலோமீட்டர்தான். ஆனால் ஸ்டோ ஏறத்தாழ 240 மீட்டர் உயரத்தில் மேட்டின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் நேராக இணைப்பதோ ரோமானியர் போட்ட பாஸ் வே தடத்தின் மேலேயே அமைந்த, லாரிகள் ஓடும் நெடுஞ்சாலை. அதைத் தவிர்த்து, லோயர் ஸ்லாட்டர், அப்பர் ஸ்லாட்டர் வழியாகச் சிறிய சாலையில் போவதே நல்லது. காட்சி அருமைதான், அதற்கான விலையை முழங்கால் கொடுக்கும். ‘ஸ்டோவில் காற்று குளிராக வீசும்’ என்று அந்த வட்டாரத்தில் ஒரு பழமொழியே உண்டு.

எங்கே போவதாக இருந்தாலும், பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். சாலைக் கோட்டின் மேல் ஒற்றை அம்புக்குறி இருந்தால் சரிவு 14 முதல் 20 விழுக்காடு வரை. இரட்டை அம்பு என்றால் அதற்கும் மேல், அதாவது பை கட்டிய சைக்கிளை இறங்கித் தள்ள வேண்டிய இடம். காட்ஸ்வோல்ட்ஸின் மேற்கு விளிம்பில் இந்த அம்புகளை அடிக்கடி காணலாம். சஃபோக் தாளில் அவற்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆனால் சஃபோக் மேசைபோலத் தட்டையானது என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்டூர் ஆற்றின் கிளையோடைகள் அறுத்த சிறு மேடுகளும் பள்ளங்களும் அங்கே உண்டு. கெர்சி என்னும் ஊரில் தெரு ஒருபுறம் சரிந்து இறங்க, அடியில் ஓடை பாலமில்லாமல் சாலையின் மேலேயே பாய்கிறது. மறுபுறம் ஏறினால் தேவாலயம். கார்கள் ஓடைநீரை விலக்கிக்கொண்டு ஊர்ந்து போகும். அதே வேகத்தில் சைக்கிளில் போகலாம் என்று நம்பி இறங்கினேன். தண்ணீருக்கடியில் பாசி இருந்ததை முன்சக்கரம் வழுக்கிய பிறகுதான் அறிந்தேன். ஓரத்தில் நடப்பவர்களுக்கென்று சிறு பாலம் இருக்கிறது. கௌரவம் பார்க்காமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடலாம்.

ஊர்களின் அழகுக்கு இரண்டிடத்திலும் மூலகாரணம் ஆடுதான். இடைக்காலத்தில் காட்ஸ்வோல்ட்ஸ் கம்பளி ரோமத்தை விற்றுச் செழித்தது. சஃபோக் துணி நெய்து செழித்தது. கெர்சி என்றே ஒரு முரட்டுக் கம்பளித்துணிக்குப் பெயர் உண்டு. பிறகு தொழில் நலிந்து, பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டக் கையில் காசில்லாமல் போனது. இன்று நாம் வியந்து பார்ப்பது அந்த வறுமை காத்துவைத்த சொத்து. காட்ஸ்வோல்ட்ஸில் தோண்டினால் கல் கிடைத்தது. வீடு, கூரை, வயல்சுவர் எல்லாமே ஒரே நிறமாயின. சஃபோக்கில் கட்டடக்கல் இல்லை. எனவே ஓக் மரச்சட்டங்களை நிறுத்தி, இடையே மண்ணும் சாந்தும் பூசி, இளஞ்சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று சுண்ணாம்பு அடித்தார்கள். லாவன்ஹமில் காயாத பச்சை மரத்தைக் கொண்டு கட்டியதால், மரம் காயக் காயச் சட்டங்கள் முறுக்கிக்கொண்டு, வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தபடி நிற்கின்றன. பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் மட்டும் முந்நூறுக்கு மேல் இருக்கும் அந்தச் சிற்றூரை, 43 மீட்டர் உயரமுள்ள தேவாலயக் கோபுரம் வெகு தொலைவிலேயே காட்டிக் கொடுத்துவிடும். ஒரே நிறத்தின் அமைதி வேண்டுமென்றால் காட்ஸ்வோல்ட்ஸ். தெருவுக்குத் தெரு வேறு முகம் வேண்டுமென்றால் சஃபோக். எனக்குப் பின்னதே பிடிக்கும். முன்னதில் மூன்றாம் நாள் கண்ணுக்குக் கொஞ்சம் சலிப்புத் தட்டுகிறது என்று சொன்னால் பலர் சண்டைக்கு வரலாம்.

கூட்டத்தைப் பொறுத்தவரை ஐயமே இல்லை. கோடை வார இறுதியில் போர்ட்டனிலும் பைபரியிலும் சுற்றுலாப் பேருந்துகளுக்கு நடுவே சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக முடியும். சஃபோக்கில் லாவன்ஹமும், ஓவியர் கான்ஸ்டபிள் 1821-இல் தீட்டிய வைக்கோல் வண்டிப் படத்தில் இடம்பெறும் வீடு அப்படியே நிற்கும் பிளாட்ஃபோர்டும் தவிர, மற்ற ஊர்களில் மதிய வேளையில் நாய் குரைப்பதுகூட அபூர்வம். அந்த அமைதிக்கு ஒரு பாதகமும் உண்டு. சில கிராமப் பப்களில் மதியச் சமையல் இரண்டு, இரண்டரை மணிக்கே முடிந்துவிடும். திங்களன்று பூட்டியே கிடக்கும் இடங்களும் உள்ளன. காட்ஸ்வோல்ட்ஸில் பத்து கிலோமீட்டருக்குள் ஒரு தேநீர்க்கடை தட்டுப்படும் என்று நம்பிப் போகலாம். சஃபோக்கில் பையில் ரொட்டியும் வாழைப்பழமும் இருப்பது நல்லது.

காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கிழக்கு இங்கிலாந்து அந்நாட்டிலேயே மழை குறைந்த பகுதி; ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர்தான். ஆனால் உயிர்வேலிகளைப் பிடுங்கி விரிவாக்கிய பெரிய வயல்களில் தென்மேற்குக் காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை. மேடு ஏறினால் இறக்கம் வரும் என்ற ஆறுதலாவது உண்டு. எதிர்க்காற்றுக்கு அதுவும் கிடையாது. எனவே சட்பரியில் ரயிலை விட்டிறங்கி, லாங் மெல்ஃபோர்ட், லாவன்ஹம் வழியாக வடக்கே மிதித்து, பரி செயின்ட் எட்மண்ட்ஸில் ரயிலேறுவதே புத்திசாலித்தனம். காற்று முதுகுப் பக்கமாகவே இருக்கும். சட்பரிக்குப் போகும் கிளைப்பாதை ரயில், செங்கல்லால் 32 வளைவுகள் கட்டிய சாப்பல் பாலத்தின் மேல் கோல்ன் பள்ளத்தாக்கை (முன்பு சொன்ன காட்ஸ்வோல்ட்ஸ் கோல்ன் அல்ல, எசெக்ஸில் ஓடும் வேறோர் ஆறு) தாண்டிப் போவது தனி விருந்து.

ஏற்றமும் வேண்டாம், காரும் வேண்டாம் என்பவர்கள் மூன்றாவதாகக் கைவிடப்பட்ட ரயில் தடங்களைச் சொல்வார்கள். 1979-க்கும் 1986-க்கும் இடையே அமைக்கப்பட்ட பிரிஸ்டல்–பாத் பாதை அவற்றில் புகழ்பெற்றது. ஏறக்குறைய 21 கிலோமீட்டர். குழந்தைகளோடு போக அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் ரயில் தடம் ஊருக்குள் நுழையாது. ஊரின் முதுகையே காட்டிக்கொண்டு போகும் என்பதால், கிராமம் பார்க்க வருபவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆக, முதல்முறை வருபவருக்கும், கியர் குறைந்த வாடகை சைக்கிளில் பை கட்டிப் போகிறவருக்கும் என் தேர்வு சஃபோக். காட்ஸ்வோல்ட்ஸைப் பார்க்காமல் திரும்ப மனமில்லை என்பவர், போர்ட்டனையும் ஸ்டோவையும் விட்டுவிட்டுச் சரிவின் கீழ்ப்பக்கத்துக்கு வரலாம். சார்ல்பரி ரயில் நிலையத்திலிருந்து பர்ஃபோர்டுக்குச் சிறு சாலைகளில் போனால், மேடுகளைக் காலையிலேயே முடித்துவிடலாம். பிறகு விண்ட்ரஷ் ஆற்றோடு ஸ்வின்புரூக் வழியாக மின்ஸ்டர் லவல் வரை மிதிப்பது விளையாட்டு போலத்தான். அங்கே பதினைந்தாம் நூற்றாண்டு மாளிகையொன்று இடிந்து, கூரையில்லாமல் ஆற்றங்கரையில் நிற்கிறது. சுவர் நிழலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம்.